பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

2009 ஏப்ரல் 22. ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாகச் சிங்கப்பூருக்குள் போன நாகேந்திரன் தர்மலிங்கத்தின் தொடையில் ஒரு பொட்டலம் கட்டியிருந்தது. அதில் இருந்த ஹெராயினின் தூய எடை 42.72 கிராம். சிங்கப்பூரில் அப்போது 15 கிராமைத் தாண்டினாலே தூக்கு. ஈப்போ பக்கத்துப் பிள்ளைக்கு அப்போது வயது இருபதை ஒட்டித்தான். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் சாங்கி சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்தத் தூக்கைப் பற்றி உலகமே பேசியது. அப்போதைய மலேசியப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பிய ஒன்றியம் கேட்டது, ஐ.நா. வல்லுநர்கள் கேட்டார்கள். ஆனால் இந்த வழக்கின் தேதிகளை வரிசையாக எடுத்து வைத்தால் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. கைது 2009-ல். உயர் நீதிமன்றம் தண்டித்தது 2010 நவம்பரில். மேல்முறையீடு தள்ளுபடியானது 2011 ஜூலையில். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று ஒரு மனநலச் சோதனை ஏட்டில் ஏறியதோ 2013-ல். போலீஸ் கேள்வி கேட்டு முடித்து, நீதிபதி தீர்ப்புச் சொல்லி, மேல் நீதிமன்றமும் கையெழுத்திட்ட பிறகுதான் இந்த மனிதரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அதுவும் 2012-ல் சட்டம் திருத்தப்பட்டு, மனக் குறைபாடு இருந்தால் தூக்குக்குப் பதில் ஆயுள் என்று ஒரு வழி பிறந்ததால்.

மனநலம் குன்றியவர்களும் அறிவு வளர்ச்சி குறைந்தவர்களும் குற்றம் சாட்டப்படும்போது அவர்களுக்கு நியாயம் எட்டுகிறதா என்ற கேள்வியை வழக்கமாகக் கடைசியிலிருந்துதான் அலசுகிறோம்: தூக்கிலிடலாமா, கூடாதா. அந்தக் கேள்வி மிக முக்கியம். ஆனால் நாகேந்திரன் வழக்கு முதல் நாளிலேயே கையை விட்டுப் போயிருந்தது என்பது என் எண்ணம். பேராக்கின் பாகான் செராயில் இருந்துகொண்டு இதை எழுதுகிற எனக்கு, சாங்கியைவிட நம்முடைய போலீஸ் பாலாய்தான் பெரிய கவலை.

பாகான் செராய் நகரத்தைச் சுற்றியிருக்கும் கிரியான் மாவட்டம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களின் சீமை. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்து இறங்கிய பழைய மண்களில் இதுவும் ஒன்று. 1906-ல் புக்கிட் மேரா அணைத் தண்ணீர் திறந்ததும் இது நெல் நாடாயிற்று. ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டு போடப்பட்டபோது லயத்தில் இருந்தவர்கள் தாமானுக்கும் மலிவு விலை வீட்டுக்கும் போனார்கள். லயத்தில் ஒரு 'மெதுவான பிள்ளை' இருந்தால் அவனை எல்லாருக்கும் தெரியும். மண்டோருக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். அவன் ஏதாவது செய்துவிட்டால், 'அவன் அப்படித்தான் ஐயா' என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அது சிறந்த ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளை அடித்ததும் கட்டி வைத்ததும் அதே லயங்களில்தான். ஆனாலும் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. இன்று அடுக்குமாடியின் ஆறாவது மாடியிலிருந்து பிடித்துக்கொண்டு போகிற போலீஸ்காரருக்கு அவனைப் பற்றி எதுவும் தெரியாது. சொல்வதற்கும் ஆள் இல்லை.

கைதானவரின் பாதையைப் பார்ப்போம். முதலில் பாலாய். அடுத்த நாள் ரிமாண்ட் கேட்டு மாஜிஸ்திரேட் முன்னால். நம் பக்கத்துக்குப் பாரிட் புந்தாரில். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் காவல் வைக்கலாம். அதற்கு மேற்பட்ட தண்டனையோ தூக்கோ உள்ள குற்றமென்றால் ஏழும் ஏழும் பதினான்கு நாள். பெரிய வழக்கு என்றால் தைப்பிங், ஈப்போ உயர் நீதிமன்றங்கள். புத்தி சுவாதீனத்தில் சந்தேகம் வந்தால் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. 1911-ல் திறந்த அந்த மருத்துவமனையை அதன் பெயரால் யாரும் சொல்வதில்லை; தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே போதும், பேராக்கில் குழந்தைக்கும் விளங்கும். பாகான் செராயிலிருந்து அது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கார் இல்லாத குடும்பத்துக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பாதையில் சட்டம் எங்கே குறுக்கிட்டு, 'நில்லுங்கள், இவரால் இதைப் புரிந்துகொள்ள முடிகிறதா?' என்று கேட்கிறது?

தண்டனைச் சட்டத் தொகுப்பின் 84-வது பிரிவு ஓர் இடம். செயலைச் செய்த நேரத்தில் புத்தி சுவாதீனம் இல்லாததால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு விரோதம் என்றோ அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது. இந்தப் பிரிவின் பூர்வீகம் லண்டன். 1843-ல் டேனியல் மெக்நாட்டன் என்பவர், பிரதமரைச் சுடுவதாக நினைத்து அவருடைய செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். அந்த வழக்கை ஒட்டிப் பிரிட்டிஷ் நீதிபதிகள் வகுத்த விதி, 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அதே 84-ம் எண்ணோடு புகுந்தது. அங்கிருந்து கடலைத் தாண்டி மலாயாவுக்கு வந்தது. இந்தியாவில் புதிய சட்டத்தில் எண் மாறிவிட்டது, பொருள் மாறவில்லை. நம்மிடம் எண்ணும் மாறவில்லை. ஆக, 180 ஆண்டுக்கு முந்திய மருத்துவ அறிவை வைத்துக்கொண்டு இன்றைய மனிதரை அளக்கிறோம். அளக்கிற சுமையும் அவர் தலையில்தான்: சாட்சியச் சட்டப்படி, தனக்குச் சுவாதீனம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

84-ம் பிரிவு ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிக்குப் பொருந்தும். காதில் குரல் கேட்டு, தாயையே பேய் என்று நம்பி வெட்டியவருக்கு அது கைகொடுக்கலாம். அறிவு வளர்ச்சி குறைந்தவருக்கு அது அநேகமாக உதவாது. 'திருடுவது தப்பா?' என்று கேட்டால் 'தப்பு' என்று அவர் சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல்லோடு கதவு சாத்தப்படும். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று யோசிக்கத் தெரியாது, நண்பன் என்று வந்தவன் ஏமாற்றுகிறான் என்று பிடிபடாது, போலீஸ் கேட்ட கேள்வியின் இரண்டாவது பாதி காதில் ஏறாது. இவற்றை அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

முழுச் சுவாதீனம் உள்ளவருக்கும் அடியோடு இல்லாதவருக்கும் இடையில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. இங்கிலாந்து 1957-ல் அந்த இடைநிலையைக் கொலை வழக்குகளில் ஏற்றுக்கொண்டு, பொறுப்பு குறைந்தவர் என்று ஒரு வகையை உண்டாக்கியது. சிங்கப்பூர் 1961-ல் அதைத் தன் சட்டத்தில் சேர்த்தது. மலேசியாவும் இந்தியாவும் இன்றுவரை சேர்க்கவில்லை. சிங்கப்பூரின் கண்டிப்பைக் குறை சொல்லும் நாம் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாகேந்திரனுக்குக் கைகொடுக்காத அந்த 2012 திருத்தம் போன்ற ஒரு வழிகூட அப்போது நம் போதைப்பொருள் சட்டத்தில் கிடையாது.

விசாரணையைத் தாங்கும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பது இரண்டாவது இடம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-வது பிரிவிலிருந்து இது தொடங்குகிறது. தன்னைத் தானே தற்காத்துக்கொள்ள இயலாத அளவுக்குச் சுவாதீனம் இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சந்தேகம் வந்தால், ஒரு மாதம்வரை மனநல மருத்துவமனையில் கண்காணிப்புக்கு அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சந்தேகம் வர வேண்டுமே! கத்திக்கொண்டு, உடையைக் கிழித்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். வாய் திறக்காமல், தலையைக் குனிந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவரைப் பார்த்தால், 'ஒழுங்காக ஒத்துழைக்கிறான்' என்றுதான் தோன்றும். இந்தியா தன் நடைமுறைச் சட்டத்தை 2008-ல் திருத்தியபோது, புத்தி சுவாதீனம் இல்லாமையோடு அறிவு வளர்ச்சிக் குறைவையும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. நீதிபதி எதைத் தேட வேண்டும் என்று சட்டமே சுட்டிக் காட்டியது. நம் 342 இன்னும் பழைய ஒரே சொல்லோடு நிற்கிறது.

அந்த வழியாக உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார்? விசாரணைக்குத் தகுதியில்லை என்றால் வழக்கு ஒத்திவைக்கப்படும். எதுவரை என்று நாள் குறிப்பிடப்படவில்லை. சுவாதீனமின்மையால் விடுதலை என்று தீர்ப்பு வந்தாலும் 348-ம் பிரிவு காத்திருக்கிறது: மாநில ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை மனநல மருத்துவமனையில் வைக்கலாம். குற்றவாளி என்று தீர்ப்பானவருக்கு விடுதலைத் தேதி உண்டு. குற்றமற்றவர் என்று தீர்ப்பான இவருக்கு அது இல்லை. சின்னத் திருட்டு வழக்கில், 'ஒப்புக்கொண்டு ஆறு மாதம் இருந்துவிட்டு வா' என்று குடும்பமே சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த அறிவுரையில் தப்புக் காண என்னால் முடியவில்லை. ஆனால் சட்டம் ஒரு குடும்பத்தை இப்படிக் கணக்குப் போட வைக்கக் கூடாது.

நாள் குறிக்காத காவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அசாமின் மச்சல் லாலுங் சாட்சி. 1951-ல் ஒரு காயம் ஏற்படுத்திய வழக்கில் பிடிபட்டவர் தேஸ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-லேயே அவர் நலமாக இருக்கிறார் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்தது 2005-ல். அப்போது வயது 77. ஐம்பத்து நான்கு ஆண்டு, ஒரு விசாரணையும் இல்லாமல். உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்ன 2007-லேயே இறந்தும் போனார். ஏழை நாட்டில்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மார்லன் நோபிள் என்ற பழங்குடி இளைஞர், அறிவு வளர்ச்சிக் குறைவால் விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று சொல்லப்பட்டு, எந்தத் தீர்ப்பும் இல்லாமல் பத்து ஆண்டு சிறையிலேயே கிடந்தார். அது அநீதி என்று ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் குழு 2016-ல் முடிவு சொன்னது.

இப்போது முதல் மணி நேரத்துக்கு வருகிறேன். என் கட்டுரையின் பாரம் முழுவதும் இங்கேதான்.

கைதானவர் போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்கக் கூடாது என்று 2007-ல் நம் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் போதைப்பொருள் வழக்குகளுக்குத் தனி விதி உண்டு. எச்சரிக்கை சொல்லி ஓர் இன்ஸ்பெக்டரோ அதற்கு மேற்பட்டவரோ பதிவு செய்த வாக்குமூலம் அங்கே செல்லும். சாட்சியச் சட்டத்தின் 27-ம் பிரிவுப்படி, அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் தகவலும் செல்லும். இவற்றோடு அனுமானங்கள் சேர்கின்றன. பையில் இருந்தது தெரிந்துதான் இருந்தது என்று சட்டம் அனுமானிக்கலாம். குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் கடத்தல் என்றும் அனுமானிக்கலாம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2019 ஏப்ரலில் அல்மா நுடோ அதென்சா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது பெரிய திருப்பம். ஆனாலும் தனித்தனி அனுமானம் இருக்கிறது. அனுமானத்தை உடைக்க என்ன வேண்டும்? பேச்சு. யார் கொடுத்தார், எங்கே கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார், ஏன் நம்பினேன் என்று முன்பின் மாறாமல், நாள் நேரம் தவறாமல் சொல்ல வேண்டும். எவருக்கு அது வராதோ, அவரிடம்தான் சட்டம் அதைக் கேட்கிறது.

நாகேந்திரனின் தற்காப்பும் இப்படித்தான் உடைந்தது. ஒருவன் தன்னை அடித்தான், தன் காதலியைக் கொன்றுவிடுவதாக மிரட்டினான், அதனால்தான் கொண்டுவந்தேன் என்றார். சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்போது அவருடைய அறிவுத்திறன் சோதனை நீதிபதியின் மேசையில் இல்லை. அது வந்த பிறகு நடந்த 2017 விசாரணையில், அவருக்காகவே வந்த மனநல மருத்துவர்கூட, அவர் அறிவு வளர்ச்சி குறைந்தவர் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். எல்லைக்கோட்டில் நிற்கும் அறிவுத்திறன், அதோடு கவனக்குறைவு நோய் என்பதுதான் அவருடைய கருத்து. என்ன செய்கிறோம் என்று தெரிந்து, ஆபத்தை எடைபோட்டுச் செய்தவர் என்றே 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.

சிங்கப்பூர் அரசு இதை உறுதியாகச் சொல்லி வந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மை ஆகாது. ஆனால் வரையறைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வைத்து ஓர் உயிரை நிறுத்துப் பார்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அறிவுத்திறன் எண்ணில் ஐந்து புள்ளி முன்பின் இருக்கும் என்று சோதனை செய்கிறவர்களே சொல்வார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் அட்கின்ஸ் வழக்கில், அறிவு வளர்ச்சி குறைந்தவர்களைத் தூக்கிலிடக் கூடாது என்றது. 70 என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு 71 இருந்தவரைக் கொல்லப் பார்த்த புளோரிடாவை 2014-ல் தடுத்து நிறுத்தியது. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடும் எண்ணைப் பின்னுக்குத் தள்ளி, அன்றாட வாழ்க்கையை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தது.

விசாரணை அறையில் இன்னொன்றும் நடக்கிறது. கிஸ்லி குட்ஜான்சன் என்ற ஐஸ்லாந்து உளவியலாளர் 1980-களிலிருந்து ஆராய்ந்து காட்டியது அது. அறிவுத்திறன் குறைந்தவர்கள், அதிகாரத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் ஆம் என்பார்கள். கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் விடையை எடுத்துத் தன் விடையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டுவார்கள். புரியவில்லை என்றால் அடி விழும், கேலி விழும் என்று சின்ன வயதிலிருந்து பழகியவர்கள். நம் சமூகத்தில் இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. மூன்று தலைமுறையாகத் துரைக்கும் கிராணிக்கும் மண்டோருக்கும் 'ஆமாங்க ஐயா' என்று சொல்லி உயிர் பிழைத்த கூட்டம் நாம். எதிர்த்துக் கேட்டவர் அடுத்த நாள் பெயர்ப் பதிவில் இருக்கமாட்டார். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிய வீட்டில் பிறந்த, மலாய் பாதி புரிந்த, அறிவு மெதுவான ஓர் இளைஞர் பாலாயில் என்ன சொல்வார்? சாருக்கு எது பிடிக்கிறதோ அதைச் சொல்வார்.

இதற்கு உலகம் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறது. அது பிறந்த கதை கசப்பானது. 1972 ஏப்ரலில் லண்டன் கேட்ஃபோர்டில் மேக்ஸ்வெல் கான்ஃபைட் என்பவர் கொலையுண்டார். மூன்று பையன்களைப் பிடித்தார்கள். அவர்களில் காலின் லாட்டிமோருக்கு வயது 18. அறிவு எட்டு வயதுக் குழந்தையினுடையது என்றார்கள். பக்கத்தில் பெற்றவரோ வழக்கறிஞரோ இல்லாமல் நடந்த விசாரணையில் மூவரும் ஒப்புக்கொண்டார்கள், தண்டிக்கப்பட்டார்கள். 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. ஒப்புக்கொண்ட கதையும் நடந்த கொலையும் பொருந்தவே இல்லை. 1977-ல் ஃபிஷர் அறிக்கை, பிறகு அரச ஆணையம், பிறகு 1984-ல் போலீஸ், குற்றச் சாட்சியச் சட்டம். மனநலக் குறைபாடு உள்ளவர் என்று சந்தேகம் இருந்தாலே, பொறுப்புள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்ற விதி அதிலிருந்து வந்தது. அவர் வக்கீல் அல்ல. கேள்வி புரிகிறதா என்று பார்ப்பது, மிரட்டல் இல்லாமல் காப்பது, களைத்துப்போனால் நிறுத்தச் சொல்வது, இவ்வளவுதான் அவர் வேலை.

சிங்கப்பூரும் இதைக் கொண்டுவந்தது: 2013-ல் ஒரு போலீஸ் பிரிவில் சோதனையாக, 2015-ல் எல்லா இடத்திலும். பயிற்சி பெற்ற தொண்டர்கள் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். 2009-ல் நாகேந்திரனுக்கு அப்படி உட்கார யாரும் இல்லை. அந்த நாற்காலி வந்தபோது அவர் மரண வரிசையில் இருந்தார்.

மலேசியாவில் அந்த நாற்காலிக்குச் சட்டம் இன்னும் இடம் ஒதுக்கவில்லை. கைதானவருக்கு உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள 28ஏ பிரிவு உரிமை தருகிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். விசாரணை கெடும் என்று போலீஸ் கருதினால் மறுக்கவும் வழி இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2001-ன் சிறார் சட்டம் பெற்றோரை உள்ளே கொண்டுவருகிறது. பத்து வயதுக்குக் கீழ் குற்றமே கிடையாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் முதிர்ச்சி உண்டா என்று பார்க்க வேண்டும். வயது 25, கணக்கு வழக்கு எட்டு வயதுப் பிள்ளையுடையது என்றால் இவை எதுவும் இல்லை. 2018-ல் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரைக் கைது செய்து விலங்கிட்டபோது அவருடைய தாய் பொதுவெளியில் குரல் கொடுத்தார். நாடு சற்று நேரம் திரும்பிப் பார்த்தது. விழிப்புணர்வு வந்தது உண்மை. நீதிமன்றத்தில் காட்டி உரிமை கோரத்தக்க பிரிவு ஒன்று அதிலிருந்து வரவில்லை.

2010 ஜூலையில் மலேசியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 13-ம் பிரிவு, விசாரணைக் கட்டத்திலிருந்தே நீதி எட்டுவதற்கு வேண்டிய மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. சித்திரவதையையும் கொடூரத் தண்டனையையும் தடுக்கும் 15-ம் பிரிவுக்குக் கட்டுப்படமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஏன் என்று பிரம்படித் தண்டனையைப் பார்த்தால் ஊகிக்கலாம். பெண்களுக்கும் ஐம்பது வயது கடந்த ஆண்களுக்கும் பிரம்படி இல்லை என்று நடைமுறைச் சட்டம் பொதுவாக விலக்களிக்கிறது. அறிவு வளர்ச்சி குறைந்தவர் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. அன்றைக்கு உடம்பு தாங்குமா என்று மருத்துவர் பார்ப்பதோடு சரி. 2008-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டமோ உரிமைகளைச் சொல்கிறது, அரசு அவற்றை மீறினால் வழக்குப் போடும் வழியையும் அடைக்கிறது.

தண்டனைக் கட்டத்தில் மட்டும் காற்று மாறியிருக்கிறது. 2023 ஜூலை 4 முதல் கட்டாயத் தூக்கு போயிற்று. நீதிபதி ஆளைப் பார்த்துத் தண்டிக்கலாம். 2019 பிப்ரவரியில் 1,281 பேர் மரண வரிசையில் இருந்த நாடு இது. பழைய தீர்ப்புகளைக் கூட்டரசு நீதிமன்றம் மறுபரிசீலனை செய்தபோது நூற்றுக்கணக்கானோர் கயிற்றிலிருந்து இறங்கினார்கள். மனநிலையை ஒரு காரணமாக எடுத்து வைக்க இப்போது இடம் உண்டு. அண்டை நாடுகளின் தீர்ப்புகள் நம் வழக்கறிஞர்களுக்குக் கைகொடுக்கும். 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சௌஹான் வழக்கில், ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது. தண்டனைக்குப் பின் வந்த மனநோயும் தூக்கைக் குறைக்கும் காரணம் என்று அதில் நிலைநாட்டியது. பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சஃபியா பானு வழக்கில் அதே திசையில் போனது.

எல்லாரும் பைத்தியம் என்று நடித்துத் தப்பித்துக்கொள்வார்கள் என்று ஒரு பயம் பரவலாக உண்டு. நடிப்பைக் கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் முறைகள் இருக்கின்றன; ஒரு மாதக் கண்காணிப்பின் நோக்கமே அது. அறிவு வளர்ச்சிக் குறைவை நடிப்பது அதைவிடக் கடினம், ஏனென்றால் அது பிள்ளைப் பருவத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். விசாரணையில் ஒருவர் பக்கத்தில் உட்காருவதால் குற்றவாளி தப்புவதும் இல்லை. உண்மையான வாக்குமூலம் என்றால் அது மேலும் உறுதிப்படும். தப்பான ஆள் ஒப்புக்கொண்டால்தான் சரியான ஆள் தப்புகிறான். பாதிக்கப்பட்டவர் கேட்பதும் செய்தவன் பிடிபட வேண்டும் என்பதைத்தானே?

பணமும் வழக்கறிஞரும் இன்னொரு பெரிய கதை. தூக்கு வழக்கென்றால் உயர் நீதிமன்றம் வழக்கறிஞரை அமர்த்தித் தரும். ஆனால் அதற்குள் வாக்குமூலம் கோப்பில் ஏறிவிடும். 2012 முதல் இயங்கும் தேசியச் சட்ட உதவி அறவாரியம் கைது, ரிமாண்ட் கட்டத்திலேயே இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. என் பார்வையில் இந்த நாட்டில் இப்போது இருக்கும் ஏற்பாடுகளில் மிகப் பயனுள்ளது அதுதான். ரிமாண்ட் நீதிமன்றத்தில் கிடைக்கும் சில நிமிடத்தில் அந்த வழக்கறிஞர் கவனித்தால், 342-ஐ முதல் நாளிலேயே மாஜிஸ்திரேட் காதில் போடலாம். சிங்கப்பூரில் நாகேந்திரனுக்காகப் போராடிய இரு வழக்கறிஞர்களை, அவர் தூக்கிலிடப்பட்ட அடுத்த மாதமே, 20,000 சிங்கப்பூர் வெள்ளி செலவுத்தொகை கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தூக்குக்கு முந்திய நாள் வழக்கறிஞர் யாரும் இல்லாமல் தாயே நீதிபதிகள் முன் நின்றார். கடைசி நேரத்து வக்கீலுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று இதில் தெரிகிறது. முதல் நேரத்து வக்கீலுக்கு அவ்வளவு ஆகாது.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது கடினமானதல்ல. 342-ல் அறிவு வளர்ச்சிக் குறைவைப் பெயர் சொல்லிச் சேர்ப்பது. விசாரணையில் துணை நிற்பவரைச் சட்டமாக்கி, அவர் இல்லாமல் எடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது. 348-ன் காவலுக்கு மறுபரிசீலனைத் தேதி வைப்பது. பொறுப்பு குறைந்தவர் என்ற வகையைத் தண்டனைச் சட்டத்தில் ஏற்பது. கடைசியாகச் சொன்னதற்கு விவாதம் நீளும். மற்ற மூன்றுக்கும் ஒரு கூட்டத்தொடர் போதும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309-ம் பிரிவை 2023-ல் எடுத்த நாடாளுமன்றம் இது. முடியாது என்று சொல்ல இடமில்லை.

அதுவரை வீடுகளில் செய்யக் கூடியது சில உண்டு. பாகான் செராயிலும் செலாமாவிலும் சுங்கை சிப்புட்டிலும் இப்படிப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். சமூகநலத் துறையின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். கல்யாணச் சந்தையில் மற்ற பிள்ளைகளுக்குக் குறையாகிவிடும் என்று பதிவு செய்யாமல் விடுகிற வீடுகள் ஏராளம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் செய்யுங்கள். குறைபாடு பதினெட்டு வயதுக்கு முன்பே இருந்தது என்று மருத்துவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல மூடியும் இடம் மாறியும் போயிருக்கின்றன. தேர்ச்சி அறிக்கை, சிறப்பு வகுப்பில் சேர்த்த கடிதம், கிளினிக் அட்டை எதுவானாலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பிள்ளையின் பையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தெரிந்த உடனே பாலாய்க்குப் போய், 'இவனுக்குப் புரியாது, பக்கத்தில் யாராவது இருக்கும்போது கேளுங்கள்' என்று சொல்லுங்கள். சொன்னதை எழுதிப் பதியச் சொல்லி அந்தப் பதிவு எண்ணை வாங்குங்கள். மறுநாள் ரிமாண்டுக்கு வரும் சட்ட உதவி வழக்கறிஞர் கையில் அந்த அட்டையின் நகலையும் பதிவு எண்ணையும் கொடுங்கள்.